அப்பாவின் குரல் இருந்த இடம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் காசிநாதனைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். கேட்காதவர்கள் இருக்க முடியாது. தனியார் வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுகிற வேலை அவருக்கு. "கச்சிராபாளையம், கோமுகி டேம், வெள்ளிமலை! வெள்ளிமலை ஏறு ஏறு ஏறு!" என்று அவர் ஒரு குரல் விட்டால், டீக்கடையில் பாதி கிளாசோடு நிற்பவன் மீதியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். மைக் கிடையாது, விசில் கிடையாது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது வண்டியின் போர்டைப் பார்ப்பதில்லை. குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. உடம்பில் வேறு இடமே கிடைக்காத மாதிரி! காலில் வந்திருந்தால் மனிதர் கட்டையை ஊன்றிக்கொண்டாவது நின்று கத்தியிருப்பார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கழுத்தில் போடும் ஓட்டை வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது. புண் ஆறி, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்து முடித்த பிறகு, கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று இருக்கிறது, அப்போது பார்க்கலாம், ஆனால் அது மெஷினின் சத்தமாகத்தான் இருக்கும் என்றார். "எழுத வருமா?" என்று கேட்டார்.

காசிநாதன் சிரித்தார். கையெழுத்துப் போடுவார். பேருந்துப் போர்டில் இருக்கும் ஊர்ப் பெயர்களை உருவத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அவருடைய படிப்பு அவ்வளவுதான்.

"எல்லாத்தியும் வாயிலியே ஓட்டிட்டேன் சார்," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மனைவி அம்சவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் எழில்மதி அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு, உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது ஒரு யோசனை வந்திருந்தது.

எழில்மதி அவர்களுடைய ஒரே பெண். அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மீதி நேரத்தில் வீடியோக்களைப் பார்த்து வெப் ஆப் செய்யக் கற்றுக்கொண்டாள். கால்குலேட்டர், கடிகாரம் என்று எல்லோரும் செய்து பார்க்கிற பொம்மைகளை அவளும் செய்திருந்தாள். நிஜமாக ஒருவருக்கு வேண்டிய ஆப் என்று எதையும் செய்ததில்லை. இப்போது அதற்கு ஒரு காரணம் வந்துவிட்டது. இப்படி ஒரு காரணம் வந்திருக்கவே வேண்டாம்.

யோசனை எளிமையானது. திரையில் படங்கள் இருக்கும். தண்ணீர் டம்ளர், சோற்றுத் தட்டு, மின்விசிறி, அம்மாவின் முகம், மதியின் முகம். ஒவ்வொன்றின் கீழும் அப்பா தன் குரலில் பேசிப் பதிந்து வைத்துவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு படத்தை அழுத்தினால் அப்பாவே பேசுவார். மெஷின் வேண்டாம், எழுத்து வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ராப்பகலாக உட்கார்ந்து அதைச் செய்து முடித்தாள்.

தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. துள்ளிக் குதித்து, மேலே தெரிந்த முகவரியை அப்படியே அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். அவர் தொட்டார். வெள்ளைத் திரை. திரும்பவும் தொட்டார்.

"இன்னா பாப்பா, வண்டி கெளம்பலியா?" என்றார்.

கூடப் படித்த சந்தோஷ் சென்னையில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவனுக்கு போன் போட்டாள். அவன் சிரித்தே விட்டான்.

"நீ அனுப்பன லிங்க் உன் லேப்டாப்புக்குள்ளதான் வேல செய்யும் மதி. அத உங்கப்பா போன்ல தட்டுனா, அந்த போனு தன்கிட்டயே தேடிக்கினு இருக்கும். அதுங்கிட்ட இன்னா இருக்குது? ஒண்ணியும் கெடையாது."

"அப்ப எல்லாரும் பாக்கறதுக்கு?"

"இன்டர்நெட்ல ஏத்தணும். அதுக்குப் பேரு ஹோஸ்ட்."

அந்த ஒரு வார்த்தைக்குள் போய் எழில்மதி பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவன் முதலில் டொமைன் வாங்கு என்றான். இன்னொருவன் அதெல்லாம் கடைசியில் என்றான். சர்வர் வேறு, ஹோஸ்டிங் வேறு என்றான் ஒருவன். இரண்டும் ஒன்றுதான் என்றான் அடுத்தவன். எல்லோரும் 'ரொம்ப சிம்பிள்' என்றுதான் தொடங்குகிறார்கள், பாவிகள். பாதி வழியில் ஒரு கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகளோடு நம்மை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். சந்தோஷ் கடைசியில் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி, "இதுல ஃப்ரீயா போட்டுக்கலாம், நானும் அதுலதான் பழகுனேன்," என்றான்.

அந்தத் தளத்தின் விளக்கப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஆப் ஓடும்போது டிஸ்கில் சேர்கிற கோப்புகள் நிலையானவை அல்ல, நிலையாக வேண்டுமென்றால் தனியாக ஒரு சேமிப்பிடம் இணைத்துக்கொள்ளுங்கள் என்று. எழில்மதி அதைப் படித்தாள். படித்துவிட்டு, இது பெரிய கம்பெனிகளுக்குச் சொல்வது, கோடிக்கணக்கில் கோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது என்று தாண்டிப் போனாள். முதல்முறை செய்கிறவர்களுக்கு எந்த வரி தனக்குச் சொன்னது, எந்த வரி பிறத்தியாருக்குச் சொன்னது என்று தெரிவதில்லை.

ஆனாலும் அவள் அசட்டையாக இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஏற்றி முடித்ததும் "ஒண்ணு ரெண்டு மூணு" என்று தன் குரலைப் பதிந்தாள். அம்மா போனில் அழுத்தினாள், கேட்டது. அப்பா போனில் அழுத்தினாள், கேட்டது. லேப்டாப்பை அணைத்து மூடிவிட்டு அழுத்தினாள். அப்போதும் கேட்டது. ஒரு நாள் விட்டு அழுத்தினாள். கேட்டது. இதற்கு மேல் ஒரு பெண் என்னதான் சோதிப்பாள்?

"அது எங்க பாப்பா இருக்குது? என் போன்லியா?" என்று கேட்டார் காசிநாதன்.

"போன்ல இல்லப்பா. போன நம்பவே கூடாது. போன வருஷம் ஒண்ண பஸ்ஸு சக்கரத்துல வுட்ட. அதுக்கு முன்ன ஒண்ண மழையில நனச்ச. இது இன்டர்நெட்ல இருக்குது. போன் போனாலும் கொரல் போவாது."

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் வருஷா வருஷம் பெண்களை மட்டும் தனியாக உட்கார வைத்து, யாராவது ஒரு அதிகாரி வந்து மிரட்டிவிட்டுப் போவார். ஒரு போட்டோ இன்டர்நெட்டில் ஏறிவிட்டால் ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது, ஜாக்கிரதை என்பார். அவர்கள் வீடு இருக்கும் கருணாபுரத்துப் பெண்கள் இணையத்தைப் பற்றி முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். பயமுறுத்தச் சொன்னதை அவள் தைரியமாக எடுத்துக்கொண்டாள். அழியாத இடம் ஒன்று இருக்கிறதென்றால் அப்பாவின் குரலை வேறு எங்கே வைப்பது?

பதிவு வேலை தொடங்கியது. அம்சவள்ளி குக்கரை இறக்கி வைத்தாள், ஃபேனை நிறுத்தினாள், வாசலில் குரைத்த நாயைத் துரத்திவிட்டு வந்தாள். காசிநாதன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் டம்ளர் படத்தைத் தொட்டு, "அம்சா, தண்ணீஈஈ!" என்று ஒரு குரல் விட்டார். பக்கத்து வீட்டுக்காரி சொம்போடு எட்டிப் பார்த்தாள்.

"கத்தாதப்பா, அது பஸ் ஸ்டாண்டு இல்ல."

"மெதுவா பேசனா அது நான் இல்லாத மாதிரி இருக்குதே."

ஏற்கெனவே குரல் கம்மிப் போயிருந்தது. இரண்டு வாக்கியம் பேசினால் இருமல் வரும். வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பேசுவார். "போதும், சோறு வெக்காத." "வலிக்குது." "ஃபேன போடு, புழுங்குது." "மதி, சாப்ட்டியா?" "அம்சா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு உக்காரு." இதைப் பதியும்போது அம்சவள்ளி எதிரிலேயே இருந்தாள். சிரித்தாள், பிறகு எழுந்து உள்ளே போய் அழுதாள்.

படங்கள் தீர்ந்த பிறகும் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மதி படமில்லாத வெறும் கட்டங்கள் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாள். அவற்றை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்வார். போனை வாயருகே வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் பேசுவார். கத்தியே பிழைத்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் பார்த்ததில்லை. என்னப்பா என்று கேட்டால், "அப்பறமா கேளு. இப்ப கேட்டா எனக்கு வெக்கமா இருக்கும்," என்றார். அவளும் கேட்கவில்லை. எங்கே போய்விடப் போகிறது என்றிருந்தாள்.

கடைசியாகப் பேருந்து நிலையத்துக்கே போய், வெள்ளிமலை வண்டியைத் தொட்டுக்கொண்டு தன் தொழிலின் அழைப்பைப் பதிந்தார். சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். போனிலிருந்து வந்த குரலைக் கேட்டு ஒரு மலைக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். காசிநாதனுக்கு அன்றைக்கெல்லாம் அதே பேச்சுதான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வார்டில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அழுத்திப் பழகினார். தடித்த கட்டைவிரல், படங்களோ சிறியவை. தண்ணீர் என்று தொட்டால் பக்கத்துப் படம் "வலிக்குது" என்றது. நாளைக்கு நிஜமாகவே தாகத்தோடு இருக்கும்போதும் இப்படி ஆகுமே என்று எழில்மதி நினைத்தாள்.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, தாழ்வாரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படங்களைப் பெரிதாக்கினாள். உள்ளே அப்பாவின் கழுத்தில் கத்தி. வெளியே அவளுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. திருத்தியதைத் தளத்தில் ஏற்றினாள். பச்சை எழுத்தில் வெற்றி என்று வந்தது. போனில் திறந்தாள். படங்கள் எல்லாம் பளிச்சென்று, ஒவ்வொன்றும் கட்டைவிரலுக்கு வாகாக இருந்தன. ஒன்றைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அந்தக் குரலைக் கேட்டால் தாங்க மாட்டாள் என்று போனை அணைத்துவிட்டாள்.

வார்டில் அவருக்குக் கை தூக்கவே தெம்பில்லை. மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. கண்ணால் கேட்பார், அம்சவள்ளி செய்வாள். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் காலையில்தான் எழுந்து உட்கார்ந்து போனை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். அம்சவள்ளி ஒரு பெரிய ஆளை எதிர்பார்ப்பவள் போலப் புடவையைச் சரி செய்துகொண்டு எதிரில் நின்றாள். அவர் தண்ணீர் டம்ளரை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

சத்தத்தைக் கூட்டினார். அழுத்தினார். அம்மாவின் முகத்தை அழுத்தினார், மதியின் முகத்தை அழுத்தினார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நெட்டு கம்மியா இருக்குதுப்பா," என்றாள் எழில்மதி.

ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். படங்கள் இருந்தன. பக்கம் இருந்தது. குரல்கள் இருக்க வேண்டிய ஃபோல்டர் காலியாக இருந்தது. சந்தோஷுக்குப் போன் போட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு அவன், "நடுவுல புதுசா எதனா ஏத்துனியா?" என்றான்.

"பட்டன பெருசாக்குனேன். அவ்ளோதான்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"மதி, ஒவ்வொரு வாட்டி ஏத்தும்போதும் அது புது டப்பா ஒண்ணு எடுத்துக்கும். நீ எழுதன கோட்ல இருக்கறது மட்டும்தான் அதுல வரும். நடுவுல சேந்ததெல்லாம் பழைய டப்பாவோட போய்டும்."

"பழைய டப்பா எங்க இருக்கும்?"

"இருக்காது."

"எங்கியாச்சும் இருக்கும்ல சந்தோஷ்? எந்த ஊர்லனாச்சும்?"

"இல்ல மதி. இப்படி அழியும்னு முன்னயே தோணியிருந்தா சொல்லியிருப்பேன். நான் அதுல ஃபைல் எதுவும் வெச்சதில்ல. சாமி சத்தியமா தோணல," என்றான்.

தளத்துக்காரர்களுக்கு எழுதினாள். மிக மரியாதையாகப் பதில் வந்தது. மீட்க வழியில்லை, வருந்துகிறோம். அழிக்கவே முடியாது என்று மிரட்டினார்களே, அந்த இடத்தில்தான் இப்படி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைக்கப்பட்டிருந்தது. துடைத்தது வேறு யாருமில்லை, அவள் விரல்தான். அதுவும் அன்பு மிகுந்துபோய்.

வீட்டில் சர்வர் ரிப்பேர் என்று சொல்லி வைத்தாள். காசிநாதன் தினமும் காலையில் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லையா என்று புருவத்தைத் தூக்குவார். இன்னைக்கு வந்துடும்ப்பா என்பாள். பகலெல்லாம் ஊரில் தேடினாள். டிரைவர்களைக் கேட்டாள், கண்டக்டர்களைக் கேட்டாள், பழக்கடைக்காரரைக் கேட்டாள். "தெனம் கேக்கற கொரல எவன்மா ரெக்கார்டு பண்ணுவான்?" என்றார் அவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஒரு கண்டக்டர் மட்டும் ஒரு தகவல் சொன்னார். வெள்ளிமலைப் பள்ளிக்குத் தினமும் போய் வரும் செந்தமிழ்ச்செல்வி டீச்சர், காசிநாதன் ஆள் கூப்பிடுவதை ஒரு தடவை வீடியோ எடுத்தாராம். எழில்மதி அடுத்த வண்டியில் ஏறினாள். அந்த வண்டிக்கு யாரும் ஆள் கூப்பிடவில்லை. டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, பாதி இருக்கைகள் காலியாகவே வண்டியை எடுத்தார். மலை வளைவுகளில் சிக்னல் போவதும் வருவதுமாக இருந்தது. அவள் வேண்டாத தெய்வமில்லை.

டீச்சர் நல்ல மனுஷி. விஷயத்தைச் சொன்னதும் வகுப்பை விட்டு வெளியே வந்து, போனில் தேடி எடுத்து நீட்டினார். காசிநாதன் இருந்தார். வெள்ளிமலை வண்டியின் படிக்கட்டைத் தட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தலையை அண்ணாந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டது அவர் குரல் இல்லை, ஒரு சினிமாப் பாட்டு.

"ஸ்டேட்டஸ் வெக்கறதுக்காகப் பாட்டு சேர்த்தேம்மா," என்றார் டீச்சர்.

"பாட்டு இல்லாதது இருக்குதுங்களா டீச்சர்?"

அவர் தேடினார். நெடுநேரம் தேடினார். "எடம் பத்தலன்னு அழிச்சிட்டேன் போல," என்று சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழில்மதி அந்த வீடியோவை வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது சத்தத்தை முழுதாகக் குறைத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் வாய் திறந்து மூடுவதைக் கச்சிராபாளையம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்சவள்ளி கழுத்தின் ஓட்டையைச் சுற்றித் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எழில்மதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, ரிப்பேர் இல்லப்பா. அழிஞ்சிடுச்சி. எல்லாம் அழிஞ்சிடுச்சி. நான்தான் அழிச்சிட்டேன். பட்டன பெருசு பண்ணேன், அதுல போய்டுச்சி. ஒண்ணுகூட இல்லப்பா. நீ தனியா பேசனதும் இல்ல. நான் ஒரு வாட்டிகூட கேக்கல."

அம்சவள்ளி கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள். காசிநாதன் மகளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று எழில்மதி நினைத்தாள். திட்டிவிட வேண்டுமே என்று இருந்தது. அவர் வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையில் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. உதடுகள் ஏதோ சொல்லின, கொஞ்சம் நீளமாகவே சொல்லின.

"இன்னாய்யா? தண்ணி வேணுமா?" என்றாள் அம்சவள்ளி.

இல்லையென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் சொன்னார். இந்த முறை மகளைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அவள் அந்த உதடுகளையே பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வலிக்குதா?"

கையை வீசி இல்லையென்றார். மூன்றாவது முறையும் சொன்னார். மூச்சு இரைத்தது. ஓட்டையின் ஓரத்தில் சளி பொங்கியது. அம்சவள்ளி அதைத் துடைத்துக்கொண்டே, அழுகையோடு, "பரவால்ல, வுடுன்றியா? அதானே? பரவால்லன்னு சொல்ற, அதானேய்யா?" என்றாள்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"பாத்தியா, பரவால்லன்னுட்டாரு," என்று அம்சவள்ளி மகளிடம் சொன்னாள். அவர் சொன்னது அது இல்லை. 'பரவால்ல' என்று சொல்ல முதல் எழுத்துக்கே உதடு ஒட்டியாக வேண்டும்; மூன்று தடவையும் அவர் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அது எழில்மதிக்கும் தெரிந்திருந்தது, அம்சவள்ளிக்கும் தெரிந்திருந்தது.

"சரிப்பா," என்றாள் எழில்மதி. காசிநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.